பெட்டி கட்டுமுன் ஃபைலைப் பாருங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் அண்ணன் போனில், "தம்பி, வெளிநாட்டு அனுபவத்தைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்க" என்றார். ஒட்டகத்தையும் உயரமான கட்டடத்தையும் இப்போது எல்லோரும் செல்போனிலேயே பார்த்துவிடுகிறோம். அதனால் நான் பேச வந்திருப்பது உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் சர்டிபிகேட் ஃபைலைப் பற்றி. 'இவ்வளவுதானா?' என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரியுங்கள், பரவாயில்லை.

நான் 2012-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். பெரிய கம்ப்ரஸர்களை நிறுவி, ஓட்டிக் காட்டி, ஒப்படைத்துவிட்டு வருவது என் வேலை. "நாளை மறுநாள் கிளம்ப முடியுமா?" என்றுதான் உத்தரவே வரும். இத்தனை வருடத்தில் நான் கண்டது இது: வேலை தெரியாமல் வாய்ப்பை இழந்த நம் ஊர்ப் பையன்கள் குறைவு. காகிதம் சரியில்லாமல் இழந்தவர்கள்தான் அதிகம்.

ஒரே ஆள், நாலு பெயர்

முதல் தொல்லை நம்முடைய இனிஷியல். செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் கோவிந்தன். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் 'கோ' என்ற தமிழ் எழுத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் 'கே' என்று போட்டுவிட்டார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கே'. அதைப் பார்த்துக் கல்லூரியிலும் 'கே'. ஆதார் அட்டையில் 'செந்தில்', 'குமார்' என்று இடைவெளி விட்டு இரண்டு சொல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, 'ஜி'யில் தொடங்கும் கோவிந்தன். நமக்கு எல்லாம் ஒரே ஆள். கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் வேறு வேறு ஆள்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. நமக்குச் சில வருடம் பின்னால் படித்த தம்பி ஒருவருக்கு வளைகுடாவில் நல்ல வேலை கிடைத்தது. 'கே'யும் 'ஜி'யும் ஒன்றுதான் என்று நிரூபிக்க அப்பாவின் பிரமாணப் பத்திரம், பள்ளிக்கூடம், வருவாய் அலுவலகம் என்று மூன்று மாதம் அலைந்தார். கம்பெனி இரண்டு மாதம் பொறுத்தது. அப்புறம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அக்கா கல்யாணத்துக்குக் கடன் வாங்கியிருந்தார்கள். தம்பி இன்று உள்நாட்டிலேயே நன்றாக இருக்கிறார். ஆனால் அந்தக் கடனை அடைக்க அவர் அப்பா ஓய்வு பெற வேண்டிய வயதில் இன்னும் நாலு வருடம் மில்லுக்குப் போனார். ஓர் எழுத்துக்குக் கொடுத்த விலை அது.

இன்னொன்று. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால் பலரும் ஒரு கட்டத்தை வெறுமனே விட்டுவிடுகிறோம். நம் நாட்டு விதிப்படி அது தவறில்லை. ஆனால் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை ஏற்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று சில நாளில் விளக்கம் வந்தது. அந்தச் சில நாளில் டிக்கெட் போட்டிருந்தவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்? அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரருக்கு, 'முதற்பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் மூன்று எழுத்தைப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அச்சடித்துக் கொடுப்பார்கள். பிறகு வங்கி, லைசென்ஸ் எல்லாவற்றிலும் அது தொடர்ந்து வரும்.

ஆகவே தம்பி தங்கைகளே, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழை எதிரே வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் ஒவ்வொரு எழுத்தும் அதன்படியே இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதி, இரண்டு கட்டத்தையும் நிரப்புங்கள். பள்ளிச் சான்றிதழிலேயே தவறு இருந்தால், தலைமையாசிரியர் மூலம் அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு எழுதி முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு கல்லூரி அலுவலகம். பட்டச் சான்றிதழ் அச்சாகும் முன் திருத்துவது ஒரு கடிதத்தோடு போகிற வேலை. அச்சான பிறகு, அதே வேலைக்கு லீவு போட்டுவிட்டு வரவேண்டும்.

லேமினேஷன் வேண்டாம்

நம் அம்மா அப்பாக்களுக்கு ஒரு பழக்கம். சான்றிதழ் வீட்டுக்கு வந்த அன்றே லேமினேஷன் கடைக்குப் போய்விடுவார்கள். பாசத்தில் செய்வதுதான். ஆனால் வெளிநாட்டு வேலைக்குப் பட்டச் சான்றிதழின் பின்புறம் அரசு முத்திரைகள் விழ வேண்டும். பிளாஸ்டிக் மேல் முத்திரை எங்கே விழும்? பிரித்தால் மை சேர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக் உறை போட்ட ஃபைல் வாங்கிக் கொடுங்கள், அது போதும்.

முத்திரைக்கும் வரிசை உண்டு. முதலில் மாநில அரசு, அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகம். போகிற நாடு அபோஸ்டில் ஒப்பந்தத்தில் இருந்தால் அத்தோடு சரி. இந்தியா அதில் 2005-ல் சேர்ந்தது. ஓமன், பஹ்ரைன், 2022 முதல் சவூதி அரேபியா ஆகியவையும் உள்ளன. ஒப்பந்தத்தில் சேராத நாடென்றால் அந்த நாட்டுத் தூதரக முத்திரையும், அங்கே போனபின் அவர்கள் வெளியுறவு அமைச்சக முத்திரையும் வேண்டும். ஆஃபர் லெட்டர் வந்தபிறகு இதைத் தொடங்கினால் வாரக்கணக்கில் ஓடிவிடும்.

தேதிகளைப் பாருங்கள்

பாஸ்போர்ட் காலாவதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். பல நாடுகள் உள்ளே வரும் நாளிலிருந்து ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. நைஜீரியா, கென்யா போன்ற நாடுகளுக்குப் போவதானால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அந்தச் சான்று செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுதும் செல்லும். சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். என்னோடு நைஜீரியா புறப்படவிருந்த சக எஞ்சினியருக்கு எட்டாவது நாளில் டிக்கெட். ஆளும் போகவில்லை, சைட்டில் கம்ப்ரஸரும் காத்துக் கிடந்தது.

உள்நாட்டுப் பயணத்துக்கும் ஒரு வார்த்தை. இண்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது ரயிலில் ஆதாரை வாட்ஸ்அப் போட்டோவாகக் காட்டுகிறீர்கள். அது அடையாளச் சான்று ஆகாது. 2018 ஜூலையில் ரயில்வே தெளிவாகச் சொன்னது: டிஜிலாக்கரில் அரசுத் துறையே வழங்கிய ஆவணப் பகுதியில் இருக்கும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும் செல்லும், நாமே ஸ்கேன் செய்து ஏற்றியவை செல்லாது.

மூன்று இடத்தில் மூன்று பிரதி

அசல்கள் கைப்பையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. நகல்கள் அந்தப் பெட்டியில். இன்னொரு நகல் வீட்டில் அம்மாவிடம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ குடும்பங்களின் சான்றிதழ்கள் நனைந்து கூழாகிப்போனதும், அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்றுச் சான்றிதழ் கொடுத்ததும் பலருக்கு நினைவிருக்கும். எண்ணும் தேதியும் எங்காவது குறித்து வைத்திருந்தால் மாற்று வாங்குவது சுலபம். வெளிநாட்டில் பாஸ்போர்ட் தொலைந்தால், போலீஸில் புகார் கொடுத்துவிட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். ஊர் திரும்ப மட்டும் பயன்படும் அவசரச் சான்று ஒன்று தருவார்கள். அப்போது பாஸ்போர்ட்டின் முதல் பக்க, கடைசிப் பக்க நகல் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. நாள்பட்ட நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டர் சீட்டையும் சேர்த்து வையுங்கள். நம் ஊரில் சீட்டு வாங்கிச் சாப்பிடும் சில வலி மருந்துகளுக்கு, வளைகுடா நாடுகளில் முன்அனுமதி கேட்பார்கள்.

ஒரு வேண்டுகோள்

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்காக ஒரு சனிக்கிழமை, 'சான்றிதழ் சரிபார்ப்பு நாள்' நடத்துவோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஆதார், பாஸ்போர்ட் நான்கையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். தவறு இருந்தால் எந்த அலுவலகம், என்ன மனு என்று சொல்லிக் கொடுப்போம். வீட்டில் யாருமே பாஸ்போர்ட் எடுத்திராத பிள்ளைகள்தான் நம் கல்லூரியில் அதிகம். அவர்களுக்கு இதைச் சொல்ல வீட்டில் ஆள் கிடையாது. நாம்தான் சொல்ல வேண்டும். செலவு என்று பார்த்தால் டீ, பிஸ்கட்டும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும்தான். முதல் வருடத்துக்கு என் விடுமுறையில் ஒரு நாளைத் தருகிறேன். என் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பி தங்கைகளே, இன்று ராத்திரி ஹாஸ்டலுக்குப் போனதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள். "அம்மா, என் பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் என்ன போட்டிருக்கு?" என்று கேளுங்கள். மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.