மூன்று கல்வெட்டுகள்



நினைவுச் சொற்பொழிவுக்கு வருகிறவர் மறைந்தவரின் பெருமை பேசியே பாதி நேரத்தைப் போக்குவார். இந்தச் சொற்பொழிவுக்கான அறக்கட்டளையை வைத்த பிள்ளைகள் அது வேண்டாம் என்றுவிட்டார்கள். தகப்பனாரின் பெயரைக்கூட அழைப்பிதழில் போடவில்லை. "அப்பா லைப்ரரியில போயிருந்து என்னதான் பாத்தவர் எண்டு சொல்லுங்கோ, அது காணும்" என்றார்கள். அவர் பார்த்தது பெரும்பாலும் ஊர்ச் சரித்திரம் இருக்கும் அலுமாரிகளை. ஆகவே அந்த அலுமாரிகளைப் பற்றிப் பேசுகிறேன்.

முதலில் என் மடத்தனம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் இலங்கைப் பகுதிக்குள் முதன்முதல் நுழைந்த அன்று, அட்டவணையில் 'தன்னாமுனை' என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அதிலும் இல்லை. எங்கள் ஊரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்று முடிவுகட்டி அடுத்த பஸ்சில் ஏறிவிட்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லிப் புத்தகம் தேடுவது, வாவிக்கரையில் நின்று மீனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. சின்ன ஊர்கள் அச்சில் தனியே நிற்பதில்லை. ஏறாவூர்ப்பற்று என்ற பிரிவோடு ஒட்டிக்கொண்டு வரும், வீதி போடுகிற கணக்கில் ஒரு வரியாக வரும், கோயில் மலரில் ஒரு அடிக்குறிப்பாக வரும். பற்றின் பெயரைக் கேட்டிருந்தால் அன்றைக்கு எனக்கு நாலு புத்தகமாவது கிடைத்திருக்கும்.

எங்கள் மாவட்டத்தின் பெயரான 'மட்டக்களப்பு' என்ற சொல்லிலும் ஒரு பொறி இருக்கிறது. 1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்கு முந்திய நூல்களில் மட்டக்களப்பு மாவட்டம் என்றால் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் அதற்குள் அடக்கம். எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் ஆங்கிலத்தில் எழுதிய மாவட்ட வரலாறு இன்றைக்கும் எல்லோரும் முதலில் கேட்கும் புத்தகம். அதில் உள்ள தொகையொன்றை எடுத்து இன்றைய மாவட்டத்தின் தொகையோடு ஒப்பிட்டு ஒரு மாணவர் ஆய்வு எழுதியதைப் பார்த்திருக்கிறேன். கணக்கில் பிழையில்லை, நிலத்தில்தான் பிழை. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பழைய நூல்கள் மட்டக்களப்பு மாவட்டத்தவர் என்றால் அதுவும் சரி, இப்போதைய நூல்கள் அம்பாறை மாவட்டத்தவர் என்றால் அதுவும் சரி.

இனி அடுக்கும் முறை. தூயி தசாம்சப் பகுப்பில் இலங்கை வரலாற்றுக்கு எண் 954.93. அந்த எண்ணில் இருப்பதை மட்டும் வாசித்துவிட்டு வெளியே வருகிறவர் நம்முடைய சரித்திரத்தில் கால்வாசியைத்தான் கண்டிருப்பார். வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் (1964) அங்கே இருக்கலாம். ஆனால் 1940இல் சதாசிவ ஐயர் தொகுத்த வசந்தன் கவித்திரட்டு இலக்கியத் தட்டுக்குப் போய்விடும். கண்ணகி வழக்குரையும் அப்படித்தான். நம்முடைய கோயில் மலர்கள் கிறிஸ்தவ சமயத்தின் எண்ணுக்குக் கீழே எங்கேயோ நிற்கும். நூலகரில் குற்றமில்லை. ஒரு புத்தகத்துக்கு ஒரு எண்தான் போடலாம்.

ஆகவே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தட்டுத் தட்டாகப் போகச் சொல்வேன். எனக்குப் பிடித்த சொல் 'கல்வெட்டு'. தமிழ்நாட்டில் இதற்குக் கல்லில் வெட்டிய எழுத்து என்ற ஒரு பொருள்தான் எல்லோருக்கும் தெரியும். கிழக்கில் மூன்று.

கல்லில் இருப்பதை விட்டுவிடுகிறேன், அதற்குத் தொல்லியல்காரர் இருக்கிறார்கள். இரண்டாவது, ஓலையில் இருக்கும் கல்வெட்டு. எந்தக் கோயிலை யார் கட்டினார், எந்தக் குடிக்கு எந்தத் திருவிழா, கோயிலை நடத்தும் வண்ணக்கர் எந்தக் குடியில் வரவேண்டும், யாருக்கு என்ன மரியாதை என்று சொல்பவை அவை. அவற்றைப் போன்ற ஓலைகளிலிருந்து உருவானதுதான் எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம். அதைத் திறந்ததும் நம்மவர்கள் தேடுவது அரசர் பட்டியலை. மாகோன் எந்த ஆண்டு வந்தான், அவனுக்கு முன் யார், பின் யார் என்று வாதாடுவார்கள். கலியாண்டுக் கணக்கை வைத்துப் பக்கம் பக்கமாகச் சண்டை. எனக்கு அந்த நூல் வேறு மாதிரி வாசிக்கவேண்டியதாகப் படுகிறது. அரசர் கதை, காணி உறுதியின் தொடக்கத்தில் வருகிற எல்லைக் குறிப்பு மாதிரி. உறுதி எழுதுவது எல்லையை ரசிக்கவா? காணி யாருக்கு என்று சொல்லத்தானே. கோயிலிலே எந்தக் குடிக்கு எந்த முறை என்று சொல்லவே அரசன் அழைக்கப்படுகிறான். 2005இல் வெளிவந்த மட்டக்களப்புப் பூர்வ சரித்திரத்தையும் மான்மியத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள். இரண்டும் விலகும் வரிகளில் பென்சிலால் உங்கள் கொப்பியில் குறியுங்கள், புத்தகத்தில் அல்ல. அரசன் பெயர் மாறினால் கடந்து போகலாம். குடியின் பெயர் மாறினால் நின்று பார்க்கவேண்டும்.

டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல ஆண்டுகள் இருந்து ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆங்கில நூல் இங்கே உதவும். தாய்வழிக் குடி முறை தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொது என்பதை அவர் வீடு வீடாகக் கேட்டு எழுதினார். ஓலை சொன்னதையும் ஊர் சொன்னதையும் சேர்த்துப் பார்க்க அது ஒரு வழி.

ஓலைகள் எங்கே என்று கேட்பீர்கள். இலங்கைச் சிவில் சேவையில் இருந்த ஹியூ நெவில் நாடு முழுக்கச் சேர்த்த 2,227 சுவடிகளை 1904இல் பிரித்தானிய அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. அவற்றில் பெரும்பகுதி சிங்களம், தமிழும் உண்டு. மிச்சம் வீடுகளில் இருந்தது. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி கூரைகளைத் தூக்கியபோது நனையாத பெட்டகம் எந்த வீட்டில் இருந்தது? ஒல்லாந்த அதிகாரி யாக்கோப் பர்னாண்ட் 1794இல் தனக்குப் பின் வருபவருக்காக மட்டக்களப்பைப் பற்றி எழுதிவைத்த நீண்ட குறிப்பு தப்பிவிட்டது. அரசாங்கம் படி எடுத்து வைத்தது தப்பும், மூத்தம்மா பெட்டகத்தில் வைத்தது தப்பாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வருவதை மறைக்கவில்லை.

மூன்றாவது கல்வெட்டு உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. ஒருவர் இறந்த 31ஆம் நாளில் கொடுக்கும் சிறு புத்தகம். முன்பக்கத்தில் படம், பிறகு பாட்டு, பிறகு வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் வம்சாவளி. யாழ்ப்பாணத்தில் இதற்குப் பழைய பழக்கம் உண்டு, நாமும் பிடித்துக்கொண்டோம். பாட்டுகளை நான் வாசிப்பதில்லை, பெரும்பாலும் ஒரே அச்சகத்தின் ஒரே அழுகைதான். வம்சாவளிப் பக்கம் அப்படியல்ல. யார் எந்த ஊரில் பெண் எடுத்தார், சீதனமாக எந்த வளவு போனது, யார் எந்த ஆண்டு கடல் கடந்தார், எந்தப் பிள்ளைக்கு எந்த ஞானத்தாய், ஞானத்தந்தை என்பதெல்லாம் சில குடும்பங்கள் எழுதுகின்றன. ஞானஸ்நானப் பதிவேடு கோயிலில் பூட்டில் இருக்கும், பங்குத்தந்தையைக் கேட்டுத்தான் பார்க்கலாம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். கல்வெட்டோ குடும்பமே ஊருக்குக் கொடுத்த கடதாசி. ஐம்பது கல்வெட்டுகளைச் சேர்த்தால் தன்னாமுனையும் மயிலம்பாவெளியும் ஏறாவூரும் எப்படிக் கொண்டு கொடுத்தன என்று ஒரு படம் கீறலாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகத்தார் இப்படிப்பட்ட மலர்களைத் தேடித் தேடி வருடுகிறார்கள். பல்கலைக்கழக நூலகங்களில் இவற்றுக்கு ஒரு தட்டு ஒதுக்குவது அருமை. பக்கம் குறைவு, முதுகில் எழுத்து இல்லை, விலையும் போடப்படவில்லை. பிறகு அதை யார் புத்தகம் என்று எண்ணுவார்?

இந்த மூன்றாவது கல்வெட்டிலும் ஒரு வெற்றிடம் உண்டு. இங்கிருந்து செங்கலடி தாண்டினால் வந்தாறுமூலை. 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமான வளாகம் அது. 1990இல் அது அகதி முகாமாக இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவில்லை. 1994இல் நியமிக்கப்பட்ட, காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழுவின் அறிக்கையில் அது பதிவாகியுள்ளது, அதைக் கேட்டு வாசிக்கலாம். ஆனால் அந்த வீடுகளுக்கு 31ஆம் நாள் எது? இறந்த திகதி போடாமல் எந்த அச்சகம் கல்வெட்டு அடிக்கும்? வம்சாவளி கீறுகிறவர் அந்தப் பெயருக்குக் கீழே என்ன எழுதுவார்? ஆகவே கல்வெட்டுகளை வைத்து ஊரைக் கணக்கிடுகிறவர், புத்தகம் இல்லாத வீடுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளவேண்டும். அந்தத் தாளை நூலகம் தராது, நடந்து போய்த்தான் எழுதவேண்டும்.

அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள். நூலகரிடம் 'எங்கட ஊர்' என்று தொடங்காமல் பற்றின் பெயரையும் காலத்தையும் சொல்லுங்கள். படம் எடுக்க அனுமதி கேளுங்கள். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வரலாம், போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள்.

வாசலில் தேத்தண்ணீர் மேசைக்குக் கீழே ஒரு காட்போட் பெட்டி வைத்திருக்கிறேன். என் அம்மாவின் கல்வெட்டு அதற்குள் கிடக்கிறது. வம்சாவளிப் பக்கத்தில் சின்னம்மாவின் மூத்த மகனின் பெயர் விடுபட்டுப்போயிற்று, பேனையால் எழுதிச் சேர்த்திருக்கிறேன்.