காற்றில் கலக்கும் பாசனநீர்: வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் பயிர்நீர்க் கணக்கு

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பயிர் எவ்வளவு நீரை உண்கிறது என்னும் வினாவுக்கு, ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதையே விடையாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. ஆயினும் அது இறைத்த நீரின் கணக்கேயன்றிச் செலவான நீரின் கணக்கன்று. நெல்வயலுக்குக் கட்டிய நீரில் ஒரு பகுதி நேரே ஆவியாகிறது. ஒரு பகுதி வேர்வழி ஏறி இலைத்துளைகளின் வழியே வெளியேறுகிறது. எஞ்சியது கீழே கசிந்தோ வடிகாலில் இறங்கியோ அடுத்த வயலையும் கிணற்றையும் சேர்கிறது. முதலிரண்டையும் சேர்த்து ஆவியுயிர்ப்பு என்பர். வயலை விட்டு மீளாமல் போவது அதுவே என்பதால், பயிரின் உண்மையான நுகர்வும் அதுவே.

இந்த வேறுபாடு ஒரு வயலில் சிறிதாகத் தோன்றினும், வடிநிலம் முழுவதையும், அதாவது ஓர் ஆற்றுக்கு மழைநீரை வடித்துத் தரும் நிலப்பரப்பு அனைத்தையும் நோக்கும்போது பெரிதாகிவிடுகிறது. நந்தி மலையில் பிறந்து சாத்தனூர் அணையைக் கடந்து வரும் தென்பெண்ணையின் நீர், சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரியை நிரப்புகிறது. வில்லியனூர்ப் பக்கமோ செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணியைச் சார்ந்தது, அந்த ஆற்றுநீரே சுத்துக்கேணி வாய்க்காலால் ஊசுட்டேரிக்கு வருகிறது. மேல்வயலில் கசிந்து கீழ்வயலின் கிணற்றில் மீண்டும் இறைக்கப்படும் நீரை, மோட்டார் ஓடிய நேரத்தின் கணக்கு இருமுறை எண்ணிவிடும்; ஆவியுயிர்ப்புக் கணக்கில் அப்பிழை நேர்வதில்லை.

அதனை மதிப்பிடும் வழியின் அடிப்படையை 1948-இல் பென்மன் வகுத்தார். 1965-இல் மான்டீத் விரிவாக்கினார். 1998-இல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு தன் 56-ஆம் கையேட்டில் அதைப் பொதுநெறியாக்கியது. வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் ஆகிய நான்கையும் கொண்டு, நீர்க்குறையின்றி வளரும் 12 சென்டிமீட்டர் உயரப் புல்வெளி ஒரு நாளில் இழக்கும் நீரை முதலில் கணித்து, அதைப் பயிர்க்கெழு என்னும் எண்ணால் பெருக்க வேண்டும். பயிரும் அதன் பருவமும் மாற இந்த எண்ணும் மாறும்: கையேட்டின்படி நடுப்பருவத்தில் நெல்லுக்கு 1.20, கரும்புக்கு 1.25, மணிலாவுக்கு (நிலக்கடலைக்கு) 1.15. புல்வெளியின் இழப்பு 5 மில்லிமீட்டர் எனக் கொண்டால் நெல்லின் இழப்பு 6 மில்லிமீட்டர். 100 குழி கொண்ட ஒரு காணி ஏறத்தாழ 5,350 சதுர மீட்டர் ஆதலால், ஒரு காணி நெல் ஒரே நாளில் காற்றுக்குக் கொடுப்பது சுமார் 32,000 லிட்டர். இதில் மழை தந்த பங்கைக் கழித்தால் மட்டுமே பாசனநீரின் பங்கு தெரியும். வடகிழக்குப் பருவமழையில் வளரும் சம்பாவுக்கு அந்தக் கழிவு பெரிது, கோடையில் விளையும் சொர்ணவாரிக்கோ மிகச் சிறிது.

காணிக் கணக்கை வடிநிலத்துக்கு விரிக்க, எந்த வயலில் எந்தப் பயிர் நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும், அல்லது ஒவ்வொரு வயலின் ஆவியுயிர்ப்பையும் நேரே மதிப்பிட வேண்டும். இரண்டாவதற்குச் செயற்கைக்கோள் துணைக்கு வருகிறது. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் தேவைப்படுவதால், நீரை மிகுதியாக வெளியிடும் வயல் குளிர்ந்தும், காய்ந்த வயல் சூடேறியும் இருக்கும். லேண்ட்சாட் 8 என்னும் செயற்கைக்கோள் அந்த வெப்ப வேறுபாட்டை 16 நாட்களுக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. எனினும் இவ்விரு கொம்யூன்களுக்கு அக்கருவி முழுமையாகப் பொருந்துவதில்லை. அதன் வெப்பப் படத்தின் ஒரு கட்டம் 100 மீட்டர் பக்கமுடையது, அதாவது ஏறக்குறைய இரண்டு காணி. அதற்குள் ஒரு புறம் நெல்லும் மறுபுறம் கரும்பும் நின்றால், இரண்டுக்கும் உரியதல்லாத ஒரு சராசரியே கிடைக்கும். மேலும், ஐப்பசி, கார்த்திகை மேகம் சம்பாவை மறைத்துவிடுகிறது. ஆகவே கோடைக்குச் செயற்கைக்கோளும் மழைக்காலத்துக்குப் பயிர்க்கெழுவும் என்று பிரித்துக் கொள்வதே தகும்.

சொட்டுநீர்ப் பாசனத்தின் சேமிப்பையும் இந்தக் கண்ணோட்டத்தில் அளக்க வேண்டும். அது இறைக்கும் நீரைக் குறைப்பது உறுதி. ஆனால் மிச்சப்பட்ட நீரைக் கொண்டு கூடுதல் காணியில் கரும்பு வைத்தால் வடிநிலத்தின் நுகர்வு உயரும், கீழ்க்கிணறுகளுக்குப் போன கசிவும் குறையும். கடலோரம் நெருங்க நெருங்க இதன் பொருளும் மாறுகிறது: அங்கே கசிவு என்பது வீண்போன நீரன்று, உப்புநீர் உள்ளேறாமல் எதிர்த்து நிற்கும் நன்னீர்.