சகுனி இல்லாத சூது

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சூது தீது என்பதைப் பாலர் பருவந்தொட்டே நாமெல்லோரும் கேட்டு வருகின்றோம். வள்ளுவப் பெருந்தகை அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தருளினார். ஆயினும் இன்று நாம் அறநூலை விரித்துரைக்க வரவில்லை. கணக்கை மட்டும் பேச வந்தோம். அதற்குக் காரணம் உண்டு.

சில வாரங்களுக்கு முன் ஓர் இளைஞர் எம்மிடம் ஒரு கொப்பியைக் கொண்டு வந்தார். கசினோவிற் சுழலும் ரூலெட் சக்கரத்தை வெல்லும் வழி அதில் எழுதப்பட்டிருந்தது. "ஐயா, தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாக வைக்க வேண்டும். ஒருமுறை வென்றாற் போதும், இழந்ததெல்லாம் திரும்பிவிடும்" என்றார். தங்கையின் கலியாணத்துக்கெனச் சேர்த்த பணத்தை முதலாக இட எண்ணியிருந்தார். பாவம், பழி என்று நாம் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். ஆதலின், அக்கொப்பியின் மறுபக்கத்தில் அவரோடிருந்து கணக்குப் பார்த்தோம். அதனையே இங்கும் கூறுகின்றோம்.

ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 அறைகள் உள. ஓர் எண்ணில் 100 ரூபா வைத்து அவ்வெண்ணே வந்தால், வைத்த 100 ரூபாவோடு 3,500 ரூபா மேலதிகமாகக் கிடைக்கும். கேட்க இனிக்கின்றது. ஆனால், 37 எண்களிலும் நூறு நூறு ரூபா வைப்பதாகக் கொள்வோம். வைத்தது 3,700 ரூபா. எவ்வெண் வந்தாலும் கைக்கு வருவது 3,600 ரூபா. எஞ்சிய 100 ரூபா களத்துக்காரனுக்கு. இது நூற்றுக்கு 2.70 வீதம். அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டாவது பூச்சியமும் சேர்ந்து 38 அறைகள்; அங்கே இழப்பு நூற்றுக்கு 5.26.

சிவப்பு, கறுப்பு என நிறத்தில் வைப்பவருக்கும் இதே கதிதான். சிவப்பு 18, கறுப்பு 18. பூச்சியமோ இரண்டிலும் சேராது. அந்தப் பூச்சியத்திலேதான் களத்துக்காரனின் மாளிகை எழுகின்றது.

"இரண்டே முக்கால் ரூபா ஒரு பெரிதா?" என்று கேட்கலாம். இவ்வெட்டு ஒரு முறை விழுவதன்று. பணத்தை மேசையில் வைக்குந்தோறும் விழுவது. 5,000 ரூபாவோடு சென்ற ஒருவர் 100 ரூபா வீதம் 200 முறை நிறத்தில் வைத்தால், வைத்த மொத்தம் 20,000 ரூபா. சராசரி இழப்பு 540 ரூபா. கொண்டு சென்றதிற் பத்தில் ஒன்றுக்கும் மேல். அன்றிரவு சிலர் வென்று எழுவர் என்பது மெய்யே. அதனாற் களத்துக்காரன் கலங்குவதில்லை. ஆயிரம் பேர் ஆடும்போது அவனுடைய கணக்குப் பிசகுவதில்லை.

இனி, இரட்டிக்கும் வழியைப் பார்ப்போம். 100, 200, 400 என வைத்துப் பத்து முறை தொடர்ந்து தோற்றால் இழப்பு 1,02,300 ரூபா. பதினோராம் முறை 1,02,400 ரூபா வைக்க வேண்டும். வென்றாலும் மொத்த இலாபம் அந்தப் பழைய 100 ரூபாவே! பத்து முறை தொடர்ந்து தோற்பது ஏறத்தாழ 784இல் ஒரு தடவை நிகழக்கூடியது. மீண்டும் மீண்டும் ஆடுபவர் அதற்குத் தப்ப முடியாது. போதாக்குறைக்கு, ஒரு முறையில் இவ்வளவுக்கு மேல் வைக்கலாகாது என்று மேசைக்கு வரம்பும் இட்டிருப்பார்கள்.

மொண்டே கார்லோ நகரில் 1913 ஆகஸ்ட் 18ஆந் தேதி கறுப்பு 26 முறை தொடர்ந்து வந்தது. "இனிச் சிவப்புத்தான் வந்தாக வேண்டும்" என்று பணத்தைக் கொட்டியவர்கள் பெருந்தொகை இழந்தனர். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. இருபத்தைந்து முறை கறுப்பு வந்த பின்னரும், சிவப்பு வரும் வாய்ப்பு 37இல் 18தான்.

பாரதத்திலே சகுனி வஞ்சகத்தால் வென்றான் என்பர். இக்காலக் களத்துக்குச் சகுனி வேண்டியதில்லை. ஓரமும் கோட்டமும் இல்லாத நேர்மையான சக்கரமே போதும்; கணிதமே அங்கு சகுனி.

அதே பாரதத்தின் வனபருவத்தில் நளன் சரிதமும் உண்டு. சூதில் நாடிழந்த நளன், தான்றி மரத்தின் இலையையும் காயையும் இருதுபன்ன மன்னன் கணித்துரைக்கக் கேட்டு வியந்தான். எண்ணிப் பார்த்து மெய்யென்று கண்டான், அவ்வித்தையைக் கற்றான். கற்ற அக்கணமே கலி அவனை விட்டு நீங்கினான். எண்ணக் கற்றவனிடத்திற் கலி தங்கான் என்பதே நாம் கொள்ளும் பொருள்.

பெரியோர்களே, இன்று சூதாடுகளம் கொழும்புக்குப் போனாற்றான் காணலாம் என்பதில்லை. பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கின்றது. வெறுமனே கடிந்துரைத்தால் அவர்கள் மறைந்து ஆடுவர். பக்கத்தில் இருந்து கணக்கைக் காட்டுங்கள்.

அந்த இளைஞர் எம்மிடம் விடைபெறும்போது மகிழ்ச்சியோடு போகவில்லை. கண்ட கனவொன்று கலைந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வரும்? ஆனால், தங்கையின் பணம் இன்றும் வங்கியில் இருக்கின்றது. அதற்கு நூறு ரூபாவுக்கு இத்தனை என்று வட்டி வருகின்றது. அங்கே நூற்றுக்கணக்கு நமக்குச் சார்பாக ஓடுகின்றது.