பிள்ளைகளிடமும் உண்மையே பேசுவோம்



"அடம் பிடித்தால் டாக்டர் ஊசி போடுவார்" என்று வீட்டில் மிரட்டுகிறோம். பல் பிடுங்கும் நாளில் "ஒன்றும் செய்யமாட்டார்" என்கிறோம். பிள்ளை எதை நம்பும்?

அழும் பிள்ளையின் வாயைப் பொத்தி அடக்கும் முறையை அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவக் கழகமே 2006இல் கைவிட்டது. சொல்லி, காட்டி, பின்னர் செய்வதே 1959இல் அடெல்ஸ்டன் வகுத்த முறை. பெற்றோர் பெரிதும் விரும்புவதும் அதுவே.

"வா, தருகிறேன்" எனப் பிள்ளையை அழைத்த தாய் ஏதும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாகப் பதியப்படும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள் (அபூதாவூத்).

ஆகவே, களமருதூரில் பஸ் ஏறும்போதே, "மரத்துப்போக மருந்து வைப்பார், சுருக்கென்றிருக்கும், நாங்கள் உடனிருப்போம்" என்று சொல்வோம். சொன்னபடியே இருப்போம். நம் வாக்கை நம்பும் பிள்ளை மருத்துவரையும் நம்பும்.