பெரியண்ணனும் சின்னண்ணனும்



பணிவு என்னும் சொல்லைக் கேட்டதும் குனிந்த தலையும் குவிந்த கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. கடவுளின் திருமுன் குனிவது அத்துணை அரிதன்று. அவர் பெரியவர், நாம் சிறியவர் என்பதில் பக்தர் எவருக்கும் ஐயமில்லை. உலகம் நம்மினும் தாழ்ந்தவர் என்று மதிப்பவர்முன் குனிய நேரும்போதுதான் முதுகு விறைத்துக்கொள்கிறது.

இயேசுபிரான் தம் இறுதி இராவுணவின்போது, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார் என யோவானின் நற்செய்தி கூறுகிறது. அந்நாளில் அது வீட்டு வேலைக்காரர் செய்யும் பணி. பேதுரு முதலில் மறுத்ததில் வியப்பில்லை. குருவே குனிந்தால் சீடன் எவ்வளவு குனிய வேண்டும் என்ற அச்சமாகவும் அது இருக்கலாமன்றோ?

இந்நிகழ்ச்சியை ஆலயத்தில் படித்துக் கேட்பவர் பலர். அதை அன்றாட வாழ்வாக மாற்றிக்கொண்ட இருவரைப்பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

ஒருவர் சவரிராயன் ஏசுதாசன். 1882-இல் பிறந்த தமிழர். மற்றவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். 1891-இல் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். இருவரும் மருத்துவர்கள். 1921-ஆம் ஆண்டில், அன்று வட ஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருப்பத்தூரில் இவர்கள் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினர். மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, தரையிலமர்ந்து சைவ உணவு உண்டு, ஏழை நோயாளிகளுக்கு மருத்துவம் செய்து வாழ்ந்தனர். பேட்டனின் குடும்பம் கம்பளி நூல் ஆலைகளால் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம். ஆலை நூலால் வளர்ந்தவர் கைந்நூல் ஆடைக்கு மாறினார் என்பதைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை.

ஆயினும், உடையையும் உணவையும் மாற்றிக்கொள்வது பெரிதன்று என்பேன். வேடமாக மட்டும் அவற்றைப் பூண்டவரும் உண்டு. எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று.

ஆசிரமத்தில் ஏசுதாசனுக்குப் பெரியண்ணன் என்று பெயர். பேட்டனுக்குச் சின்னண்ணன் என்று பெயர். நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொற்கள்தாமே என்று நீங்கள் எண்ணலாம். 1921-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஆட்சி வெள்ளையருடையது. கிறிஸ்தவ மிஷன்களிலும் ஐரோப்பியர் தலைமை வகிக்க, இந்தியர் அவர்களுக்குக் கீழ்ப்பட்ட ஊழியராக இருப்பதே பெருவழக்கு. சம்பளத்தில் வேறுபாடு; குடியிருக்கும் வீட்டில் வேறுபாடு. ஒரே ஆண்டவரின் பந்தியில் அப்பம் உண்டவர்கள் ஒரே மேசையில் சோறு உண்ணத் தயங்கிய காலம் அது. அந்த நாளில், ஆளும் இனத்தில் பிறந்த செல்வர் ஒருவர், ஆளப்படும் நாட்டவர் ஒருவரைத் தமக்கு மூத்தவராக ஏற்று, தம்மைச் சின்னவர் என்று ஊரார் அழைக்க இசைந்தார். ஒன்பது ஆண்டு மூத்தவரை மூத்தவர் என்பது குடும்பத்தில் இயல்பு, பேரரசில் இயல்பன்று. பேட்டன் பேரரசின் முறையைக் கைவிட்டுக் குடும்பத்தின் முறையைத் தேர்ந்துகொண்டார்.

ஏசுதாசனின் பங்கையும் எளிதாக எண்ணிவிடக் கூடாது. தாழ்த்தப்பட்டிருந்தவனுக்கு முதல் இடம் கிடைத்தால், பழங்கணக்கைத் தீர்த்துக்கொள்ள ஆசை எழும். அண்ணன் என்ற பெயரை அதிகாரமாக மாற்றாமல், அன்பாகவே வைத்துக்கொள்வதும் பணிவுதான். ஆசிரமத்தின் ஜெபாலயத்தையும் அவர்கள் மேனாட்டுப் பாணியில் கட்டாமல், கோபுரத்தோடு கூடிய திராவிடக் கோயில் அமைப்பில் எழுப்பினர். வழிபட வருபவன் தன் மண்ணை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழைய வேண்டியதில்லை.

இத்தகைய வாழ்வுக்கு விலை உண்டு. 1932-ஆம் ஆண்டில், சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்துகொண்டிருந்த நாட்களில், கதர் உடுத்திய பேட்டனைப் போலீசார் தடியால் அடித்து, வண்ண நீரைப் பீய்ச்சினர். இலண்டன் பாராளுமன்றத்திலும் இதுபற்றிக் கேள்வி எழுந்தது. சாதாரண இந்தியன் ஒருவன் அன்று அதே தெருவில் அதே அடியைப் பட்டிருந்தால் அங்கே யார் கேட்டிருப்பார்?

பெரியண்ணன் 1969-இல் மறைந்தார். அடுத்த ஆண்டே சின்னண்ணனும் மறைந்தார்.