ரோடு யாருக்கு?
(விருதுநகர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



எனக்கு முன் பேசிய தோழர் மேலுலகத்தைப் பற்றி வேண்டியமட்டும் சொல்லிவிட்டபடியால், நான் காலுக்குக் கீழேயுள்ள ரோட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன்.

1985-ம் வருஷத்துக்கு முன் இந்த ஊர் ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பொதுஜனங்கள் கொடுத்த வரியில் போட்ட ரோட்டின் மேல் ஓடிய பஸ்களில், ஆதிதிராவிடர்களை ஏற்றுவதில்லை என்று ஒரு காலத்தில் டிக்கட்டிலேயே அச்சடித்திருந்தார்கள். ஜில்லா போர்டு தலைவராயிருந்த தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். பிறகு எல்லோரும்தான் ஏறினார்கள். தீட்டுப்பட்டு எந்தச் சக்கரமாவது கழன்று விழுந்ததா?

அவர் பெயரால் சென்னை தியாகராய நகரில் சௌந்தரபாண்டியனார் அங்காடி இருக்கிறது. பாண்டி பஜார் என்றால் உங்களுக்குத் தெரியும். 2019-ல் அங்கே வண்டிக்குள்ள இடத்தைக் குறைத்து, நடப்பவனுக்கு அகலமான நடைபாதை போட்டார்கள். கால்நடையாய் வருகிறவனும் வரி கொடுக்கிறான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது போலும்!

அந்த நகர் எப்படி உண்டாயிற்று? 1920-ல் டவுன் பிளானிங் சட்டம் வந்தது. அதன் பின், மாம்பலம் பக்கத்தில் நீண்டு கிடந்த பெரிய ஏரியை வற்றடித்து, நடுவே பனகல் பார்க்கை வைத்து, அதிலிருந்து நாலா பக்கமும் ரோடுகள் பிரியும்படி கோடு போட்டார்கள். வெகு அழகான திட்டந்தான். ஆனால் ஏரியைக் காகிதத்தில் அழித்துவிட்டால் தண்ணீருக்கு அது தெரியுமா? 2021 நவம்பரில் அதே தெருக்களில் வெள்ளம் நின்றது. நம் ஜனங்களோ வருண பகவானின் கோபம் என்றார்கள். பள்ளத்தைத் தேடித் தண்ணீர் போவதற்குப் பகவான் எதற்கு?

ரோடு என்பது வெறும் தாரும் ஜல்லியும் அல்ல. நாற்பதடி அகல ரோடானால் நடுப்பாகம் ஓரத்தைவிடச் சுமார் 6 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். ஓரத்தில் வடிகால் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் தாரைவிட்டு ஜல்லி கழன்றுவிடும். தண்ணீர்க் குழாய்க்காரரும், கரண்டுக்காரரும், டெலிபோன்காரரும் முதலில் தோண்டி முடித்த பிறகுதான் தார் போட வேண்டும். நம் நாட்டிலோ தார் காயும் முன் கடப்பாரை வந்துவிடுகிறது.

இன்னொரு கொடுமை, பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போடுவது. சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டுமென்று 2021-ல் சர்க்கார் கண்டிப்பாய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு தடவைக்கு இரண்டு அங்குலமானாலும், ஆறு தடவைக்கு ஓர் அடி ஏறிவிடாதா? பணக்காரன் வீட்டை இடித்து உயர்த்திக் கட்டிக்கொள்ளுகிறான். ஏழையின் வீட்டுக்குள் தெருச் சாக்கடை வந்து விடுகிறது. இதைத் தலைவிதி என்கிறான். அளவுகோலை எடுத்துப் பார்த்தால் அது தலைவிதியா, காண்டிராக்டரின் தாரா என்று தெரிந்துபோகும்.

நான் குடியிருக்கும் தெருவில், என் பாட்டி மூன்று படி ஏறிப் போன திண்ணைக்கு, இன்று நான் ஒரு படி இறங்கிப் போகிறேன். வீடு பூமிக்குள் போகவில்லை, தோழர்களே!