தாடை சொல்லும் வரலாறு: தாவர உண்ணிகளின் மெல்லும் தசைகள்



உரையைத் தொடங்குமுன் ஒரு சிறு செயலைச் செய்து பார்ப்போம். ஒரு கையின் விரல்களை நெற்றிப்பொட்டின்மீதும் மறுகையின் விரல்களைக் கன்னத்தின் பின்பகுதியிலும் வைத்துக்கொண்டு, பற்களை அழுத்திக் கடியுங்கள். இரண்டு இடங்களிலும் தசை புடைத்தெழுவதை உணர்வீர்கள். முன்னதைப் பொட்டுத்தசை என்றும் பின்னதைக் கன்னத்தசை என்றும் அழைப்போம். கன்னத்தசைக்கு இணையாகத் தாடையின் உட்புறத்திலும் ஒரு தசை உண்டு. அதனை உட்தசை என்போம். நாயும் பசுவும் முள்ளம்பன்றியும் நாமும் தாடையை மூடுவதற்குப் பயன்படுத்துவன இவையே. ஒரே முதலைப் பங்கிட்டுக்கொண்ட உடன்பிறந்தார் வெவ்வேறு தொழில்களில் அதனை இட்டதுபோல, பாலூட்டிகள் ஒரே தசைகளை வெவ்வேறு பணிகளில் ஈடுபடுத்தியுள்ளன.

கூரிய பல் கொண்டது ஊனுண்ணி, தட்டையான பல் கொண்டது தாவர உண்ணி என்று வகுப்பறையில் கற்பிக்கிறோம். அது பிழையன்று, ஆயினும் பாதி உண்மையே. பல் என்பது கருவி. அக்கருவியை இயக்கும் ஆற்றல் தசையிலிருந்து வருகிறது. அத்தசை எங்கே பற்றியுள்ளது, எத்திசையில் இழுக்கிறது என்பதை அறிந்தால்தான் மீதிப் பாதி விளங்கும்.

நம் வீடுகளில் புழங்கிய இரண்டு கருவிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று பாக்குவெட்டி, மற்றொன்று திரிகை. நாயின் தாடை பாக்குவெட்டியை ஒத்தது. தாடைமூட்டு ஏறத்தாழ பல்வரிசையின் மட்டத்திலேயே அமைந்திருப்பதால், பற்கள் பின்னிருந்து முன்னாக ஒன்றையொன்று உரசி வெட்டுகின்றன. மண்டையோட்டின் பக்கத்திலிருந்து இறங்கும் பொட்டுத்தசையே அங்குத் தலைமை ஏற்கிறது. திமிறும் இரையைப் பற்றிக்கொள்ள மேலும் பின்னுமாக இழுக்கும் அதன் வலிமை துணைபுரிகிறது.

பசுவின் தாடை திரிகையை ஒத்தது. தாடைமூட்டு பல்வரிசைக்கு மிக உயரத்தில் உள்ளது. ஆகவே கடைவாய்ப் பற்கள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பொருந்துகின்றன. கன்ன எலும்பு வளைவிலிருந்து தாடையின் பின்கோணம்வரை பரவிய கன்னத்தசையும், அதற்கு எதிர்ப்புறத்து உட்தசையும் பெருத்துள்ளன. பொட்டுத்தசை சிறுத்துள்ளது. கீழ்த்தாடை மேல்தாடையினும் குறுகலானது என்பதால் பசு ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தில் மட்டுமே அரைக்கிறது. வலப்பக்கத்தில் அரைப்பதாகக் கொள்வோம். முதலில் இடப்பக்கக் கன்னத்தசை முன்னோக்கியும் வலப்பக்கப் பொட்டுத்தசை பின்னோக்கியும் இழுக்க, தாடை வலப்பக்கம் திரும்புகிறது. பின்னர் முறை மாறுகிறது: வலப்பக்கக் கன்னத்தசையும் இடப்பக்கப் பொட்டுத்தசையும் இழுக்க, தாடை நடுவை நோக்கி மீள்கிறது. அந்த மீட்சியில்தான் புல் அரைபடுகிறது. சிறுத்துப்போன பொட்டுத்தசையும் இங்கே வேலையற்றுப் போகவில்லை என்பது கருதத்தக்கது.

இத்தசைகள் எங்கிருந்து தோன்றின? பாலூட்டிகளின் மிகத் தொன்மையான மூதாதையரிடத்தில் தாடையை மூடும் தசையின் பெரும்பகுதி பிரிவுபடாத ஒரே திரளாக இருந்தது. ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சைனோடான்ட் என்னும் விலங்குகளில் அத்திரளின் ஒரு பகுதி வெளிப்புறம் நகர்ந்து கன்ன எலும்பு வளைவைப் பற்றியது, அதுவே கன்னத்தசை. தசை மண்ணில் மக்கிவிடும். ஆனால் அது பற்றியிருந்த பள்ளமும் வரம்பும் எலும்பில் எஞ்சுகின்றன. அறிஞர்கள் அவற்றைக் கொண்டே இவ்வரலாற்றை அறிந்தனர். உள்ளும் புறமும் தசைகள் தாங்க, தாடை ஊஞ்சல்போலப் பக்கவாட்டிலும் நுட்பமாக அசையும் வாய்ப்புப் பெற்றது. பின்தாடையின் சிறு எலும்புகள் காலப்போக்கில் சுமை நீங்கி, நம் காதினுள் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் மாறின.

இனி நம் சுற்றுப்புறத்திற்கு வருவோம். கொறிக்கும் விலங்குகளின் கன்னத்தசையை ஆராய்ந்து அவற்றை மூவகையாகப் பிரித்தவர் பிராண்ட் என்னும் விலங்கியலார், ஆண்டு 1855. அம்மூவகையும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உண்டு. பூங்காவில் ஓடும் அணிலுக்குக் கன்னத்தசையின் வெளிப்பகுதி கண்ணுக்கு முன்னே மூக்கின் பக்கம்வரை படர்ந்துள்ளது. காட்டு முள்ளம்பன்றிக்கோ உட்பகுதி முன்னேறியுள்ளது. கண்குழிக்குக் கீழே பிற பாலூட்டிகளில் நரம்பும் குருதிக்குழாயும் மட்டுமே செல்லும் சிறு துளை, முள்ளம்பன்றியில் விரிந்து தசைக்கே வழிவிட்டுள்ளது. எலியிடம் இவ்விரு அமைப்புகளும் சேர்ந்துள்ளன. முன்பற்களால் வலிமையாகக் கொறிப்பது என்னும் ஒரே தேவைக்கு மூன்று விடைகள்! அணிலின் விடையையே, நெருங்கிய உறவற்ற பீவரும் தனியாகக் கண்டடைந்துள்ளது.

அப்படியாயின், தேவை எழுந்தால் உடல் அதற்கேற்ற சிறந்த விடையைத் தவறாமல் தந்துவிடுமா? மாணவர்களிடம் பரவலாகக் காணப்படும் எண்ணம் இது. இதனைத் திருத்த ஒரு சான்று நம் அருகிலேயே உள்ளது. 2012-இல் சிங்கப்பூருக்கு இரண்டு பாண்டாக்கள் வந்தன. பாண்டா நாள்தோறும் பல மணிநேரம் மூங்கிலையே தின்கிறது. ஆனால் அது கரடிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் தாடையில் பசுவின் அமைப்பு உருவாகவில்லை. ஊனுண்ணி மூதாதையரிடமிருந்து பெற்ற பொட்டுத்தசையே மேலும் பெருத்தது. அதனைத் தாங்க மண்டை உச்சியில் எலும்பு வரம்பு ஓங்கியது. கடைவாய்ப் பற்கள் அகன்றன. திரிகை கிட்டாதவர் பாக்குவெட்டியையே பெரிதாக்கிக்கொண்டது போன்றது இது. பரிணாமம் வெற்றுத்தாளில் வரையும் ஓவியமன்று. பழைய வீட்டில் சுவரை நகர்த்தியும் வாசலை அகற்றியும் செய்யும் திருத்தப்பணி.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். "புல் தின்பதற்காகப் பசு இப்பற்களைப் பெற்றது" என்று கூறுவதைத் தவிர்ப்போம். "முன்னோரிடம் இருந்தது எது? அது எவ்வாறு மாறியது?" என்று வினவப் பழக்குவோம். அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. மாணவரின் கன்னமும் பொட்டும் போதும். சொல்லுக்கும் நமக்குப் பஞ்சமில்லை. கடித்தல், கொறித்தல், மெல்லுதல், அரைத்தல், அசைபோடுதல் என ஒவ்வொரு தாடையசைவுக்கும் தமிழில் தனிச்சொல் உண்டு. அவற்றை வேறுபாடு அறிந்து வழங்கினாலே அறிவியல் பாதி விளங்கிவிடும்.

பசு மேயும்போது விரைந்து விழுங்கிப் பின்னர் அமைதியாக அசைபோடுகிறது. இன்று விரைந்து கேட்டவற்றை நீங்களும் ஓய்வாக அசைபோட்டுப் பாருங்கள்.